கண் காணாத ஒளி

கூட்டம் முடிந்தது. ஒலிபெருக்கி ஓய்ந்தது. விண்மீன்களின் பிறப்பையும் இறப்பையும் பற்றிப் பேசிவிட்டு மேடையினின்றும் இறங்கிய என்னை ஒரு பெரியவர் தடுத்து நிறுத்தினார். நெற்றியிலே நீறு, நெஞ்சிலே சினம் இல்லை, குரலிலே குறும்பு மட்டும் கொஞ்சம்.

"தம்பி! கண்ணால் காண்பதையே நம்புவோம் என்று முழங்கினீர்களே! செத்த விண்மீனைச் சுற்றி ஒளிவளையம், அந்த வளையத்தைச் சுற்றி மங்கலாய் இன்னொரு படலம் என்றெல்லாம் சொன்னீர்களே! அதை நீங்கள் கண்டீர்களா? எவரோ கண்டதாகச் சொன்னார்; நம்பினீர்கள். நானும் எவரோ கண்டதாகச் சொன்னதைத்தான் நம்புகிறேன். உங்கள் நம்பிக்கை அறிவு, எங்கள் நம்பிக்கை மட்டும் மூடத்தனமோ?"

சிரித்து மழுப்பியிருக்கலாம். சூழ நின்ற இளைஞர்களும் அதைத்தான் எதிர்பார்த்தனர். ஆனால் தோழர்களே, அவர் எய்த அம்பு குறி தவறவில்லை! 'கண்ணால் காண்பதையே நம்புவோம்' என்பது கைதட்டல் வாங்கித் தரும் சொற்றொடர். கருத்துப் போரில் அது ஓட்டைக் கேடயம். அந்த மங்கற் படலத்தை எந்தக் கண்ணும் கண்டதில்லை. பெரிய தொலைநோக்கியிலே கண்ணை வைத்தாலும் காண முடியாது. பின், அஃது உண்டு என்று எந்தத் துணிவில் சொல்கிறோம்?

வானியலார் அதனைக் கோள்வடிவ நெபுலா என்பர். பெயரே பிழை! 1781-இல் யுரேனசைக் கண்டறிந்த வில்லியம் ஹெர்செல், தம் தொலைநோக்கியில் வட்டமாய்த் தெரிந்த சில ஒளித்திட்டுகள் கோளைப் போன்றிருக்கக் கண்டு இட்ட பெயர் அது. கோளுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. கதிரவனையொத்த விண்மீன் முதுமை எய்தித் தன் புறவாயுவை உதறிவிட, எஞ்சிய உட்கருவின் வெம்மையால் அவ்வாயு ஒளிர்கிறது, அவ்வளவே. ஒளி மிக்க உள்வளையம் அண்மையில் உதறியது. மங்கிய வெளிப்படலம் அதற்கும் முன்னர் உதறியது. அந்த விண்மீனின் பழைய வரலாறு மங்கலான பகுதியிலேதான் எழுதப்பட்டிருக்கிறது. அதைப் படிக்க வேண்டுமாயின் படம் எடுத்தாக வேண்டும்.

எடுத்தவர் அனைவரும் அரசு ஊதியம் பெற்ற அறிஞர் என்று எண்ணிவிடாதீர்கள். அங்கேரி நாட்டு ஹெரேனி என்னும் ஊரிலே, தம் சொந்த நிலத்தில் சொந்தச் செலவில் வானாய்வகம் அமைத்தவர் யெனோ கோதார்து. 1886 செப்டம்பர் முதல் நாள் இரவு, யாழ் மண்டலத்து வளைய நெபுலாவை அவர் படம் எடுத்தார். நடுவே ஒரு விண்மீன் தெளிவாகப் பதிந்திருந்தது! கண்ணுக்குப் போக்குக் காட்டிய விண்மீன் கண்ணாடித் தகட்டிலே சிக்கியது எங்ஙனம்? அதன் வெம்மை ஒரு இலட்சம் பாகைக்கும் மேல். ஒளியிலே நீலமும் ஊதாவும் மிகுதி. நம் கண்ணுக்கு அவ்வொளியில் கூர்மை குறைவு. அந்நாளையத் தகட்டுக்கோ அதிலேதான் கூர்மை. தகடு தெய்விகக் கண் அன்று. வேறு கண், அவ்வளவே.

இன்று தகட்டின் இடத்தில் மின்னணு உணரி வந்துவிட்டது. பகலெல்லாம் பிழைப்பு, இரவெல்லாம் விண்நோக்கு என வாழும் ஆர்வலர் பலர், ஒரே நெபுலாவை நோக்கி இரவு பல கழிக்கின்றனர். ஆக்சிஜன் உமிழும் 500.7 நானோமீட்டர் பச்சை ஒளியை மட்டும் விடும் வடிகட்டியைப் பொருத்தி, ஐந்து நிமிடம், பத்து நிமிடமாக நூற்றுக்கணக்கான படங்கள் எடுத்து, ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்க்கின்றனர். நூறு படம் சேர்ந்தால், தற்செயலாய் எழும் புள்ளிக் கலக்கத்தை விடப் படலத்தின் ஒளி முன்னைக்குப் பத்து மடங்கு ஓங்கி நிற்கும்.

இது பொறுமையின் வேலை. இதனினும் பெரியது இனி வருவது. தொலைநோக்கியின் மூடியை மூடிவிட்டு, இருட்டையே படம் எடுக்கிறார்கள்! ஏன்? ஒளியே இல்லாதபோதும் தன் கருவி எங்கெங்கே ஒளி இருப்பதாகப் பொய் சொல்கிறது என்று அறிவதற்கு. அறிந்து, அந்தப் பொய்யைக் கழிப்பதற்கு. பிறகு, சீரான வெளிச்சத்தை மட்டும் படம் எடுக்கிறார்கள். கண்ணாடியிலே படிந்த தூசியின் நிழலைக் கண்டு நீக்குவதற்கு. ஒவ்வொரு படத்துக்கும் இடையே தொலைநோக்கியை இம்மியளவு நகர்த்துகிறார்கள். நகர்த்தும்போது எந்தக் கறை உணரியோடு ஒட்டிக்கொண்டு வருகிறதோ, அது கருவியின் கறை. எது விண்மீன்களோடு நிற்கிறதோ, அதற்கே விண்ணில் இடமுண்டு என்று பேச்சையே தொடங்கலாம். அதன் பின்னரும் ஐயம் தீராவிட்டால்? வேறு நாட்டில், வேறு கருவியால், வேறொருவர் எடுக்கட்டும்!

பெரியவருக்கு நான் சொல்ல வேண்டியிருந்த விடை இதுதான். கண்டதால் நம்பவில்லை ஐயா. கண்டதை எத்தனை வழியில் பொய்யாக்க முடியுமோ அத்தனை வழியிலும் முயன்று பார்த்து, முடியாமற் போனதால் ஏற்கிறோம். அருள்வாக்குக் கூறுவோர் எவரேனும் மூடியை மூடி ஒரு படம் எடுத்ததுண்டா?

ஆயினும், இந்த ஆய்வுக் கத்தி எதிரிக்கு மட்டும் தீட்டப்பட்டதன்று. பெர்சிவல் லோவெல் மதவாதியல்லர். அறிவியலில் ஆர்வம் தணியாத செல்வர். 1894-இல் வானாய்வகம் அமைத்துச் செவ்வாயை நோக்கினார். கால்வாய்களைக் கண்டார், வரைந்தார், அவற்றை வெட்டிய மக்களைப் பற்றி நூல்களும் எழுதினார். 1903-இல் மாண்டர் என்பார், கால்வாயே வரையாத செவ்வாய்ப் படத்தைத் தொலைவில் வைத்துப் பள்ளிச் சிறுவர்களை வரையச் சொன்னார். சிறுவர் சிலர் கோடுகளை வரைந்து தந்தனர்! மங்கலான புள்ளிகளைக் கண் தானே கோடாகக் கோத்துக்கொள்கிறது. லோவெல் பொய்யர் அல்லர், விரும்பியதைக் கண்டவர். பொய்யரைக் கண்டு அஞ்சுவதைவிட இத்தகையோரைக் கண்டு நாம் அஞ்ச வேண்டும், ஏனெனில் அவர் நம்மைப் போன்றவர்.

இன்றைய ஆர்வலர்முன் அந்த ஆசை வேறு வடிவில் நிற்கிறது. மங்கலைத் தெளிவாக்கித் தரும் கணினி நிரல்கள் வந்துள்ளன. பிற படங்களைக் கொண்டு பழக்கப்பட்ட அவை, இங்கே இழை இருக்கக்கூடும் என்று 'ஊகித்து' இழையை வரைந்தும் விடக்கூடும். படம் அழகாகிவிடும்; பாராட்டுக் குவியும். எவருக்கு என்ன தீங்கு என்று கேட்போர் உளர். தீங்கு உண்டு! நாளை அதே படலத்தைத் தேடி வருபவன், அவ்விழை தன் படத்தில் இல்லை என்பதற்காகத் தன் மெய்யான படத்தை ஐயுறுவானே! அழகுக்காக எடுத்த படம் என்றால் அப்படியே சொல்லிவிடட்டும், குற்றமில்லை. சான்று என்று நீட்டும்போது, சேர்த்தது எது, கழித்தது எது என்று கணக்கு ஒப்பித்தாக வேண்டும்.

நம் மேடைக்கும் அக்கணக்கு உண்டு. புட்பக விமானத்தை எள்ளி நகையாடுகிறோம், நகையாடத்தான் வேண்டும். அதே மூச்சில், நம் முன்னோர் அறியாத அறிவியலே இல்லை என்று எவரேனும் முழங்கினால், சான்று கேட்காமல் கைதட்டுகிறோமே, அங்கே மூடியை மூடிப் படம் எடுத்தவர் யார்? கசப்பாகத்தான் இருக்கிறது. எனக்கும் அந்தக் கைதட்டலில் பங்குண்டு.

பிழைபடுவது இழிவன்று. 1864 ஆகஸ்டு 29 அன்று வில்லியம் ஹக்கின்ஸ், டிராகோ மண்டலத்துக் கோள்வடிவ நெபுலாவின் ஒளியைப் பிரித்துப் பார்த்தார். எந்தத் தனிமத்துக்கும் பொருந்தாத பச்சைக் கோடுகள்! புதுத் தனிமம் என்றனர். 'நெபுலியம்' என்று பெயரும் சூட்டினர். 1927-இல் ஐரா போவன் அது புதுப்பொருளன்று, இரண்டு எலெக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜனே என நிறுவினார். நாம் மூச்சிழுக்கும் ஆக்சிஜன்! நெடுநாள் நின்ற பெயர் வீழ்ந்தது. எவர் மனமும் புண்பட்டதாக வழக்கு எழவில்லை. எந்தத் தேரும் நிலையில் நிற்கவில்லை. ஹக்கின்சின் புகழும் குன்றவில்லை. அவர் கண்ட கோடுகள் மெய்யானவை, அவற்றுக்கு இட்ட பெயர்தான் பிழை.

அந்தப் பெரியவரை மீண்டும் காண நேர்ந்தால், அன்ன மண்டலத்திலே சோப்புக்குமிழி போல் மிதக்கும் ஒரு நெபுலாவைக் காட்டலாம் என்றிருக்கிறேன். டேவ் ஜுராசெவிச் என்னும் அமெரிக்க ஆர்வலர் 160 மில்லிமீட்டர் தொலைநோக்கியால் 2007 ஜூன் 19-இல் அதைப் படம் எடுத்தார். 2008 ஜூலை 6-இல் மீண்டும் எடுத்தார். பதினொரு நாள் கழித்து வேறு இருவர், தாமாகவே, அதே இடத்தில் அதே குமிழியைப் பதிவு செய்து உலக வானியல் அமைப்புக்கு அறிவித்தனர். அந்த வானப்பகுதியை அதற்கு முன்னர்ப் படம் எடுத்தோர் எத்தனையோ பேர்! பெரியவர் கையில் முதலில் பெயர் குறிக்காத படத்தைக் கொடுத்துத் தேடச் சொல்வேன். அவரால் கண்டுபிடிக்க முடியாவிட்டால் நகைக்க மாட்டேன். முதன்முறை பார்த்தபோது எனக்கும் தெரியவில்லை.