விலைக்கு வாங்கிய போர்

ஓர் அரசு தன் போரைத் தனியார் நிறுவனத்திடம் ஒப்பந்தத்துக்கு விடலாமா என்னும் கேள்வி, 2023 ஜூன் 23, 24 ஆகிய நாள்களில் ரஷ்யாவின் வாக்னர் என்னும் தனியார் படை ரஸ்தோவ் நகரிலுள்ள இராணுவத் தலைமையகத்துக்குள் புகுந்து, அங்கிருந்து மாஸ்கோவை நோக்கிப் புறப்பட்டபோது உலகை உலுக்கியது. அந்தக் கலகம் ஒரே நாளில் முடிந்தது. அதன் தலைவர் யெவ்கேனி பிரிகோஷின் இரண்டு மாதங்களில் விமானம் விழுந்து இறந்தார். ஆனால் வணிகம் நிற்கவில்லை. 2024-இன் இறுதியிலிருந்து, வளைகுடா நாட்டில் காவல் வேலை என்று சொல்லி அழைத்துச் செல்லப்பட்ட முன்னாள் கொலம்பியப் படைவீரர்கள் சூடானின் உள்நாட்டுப் போரில் இறக்கிவிடப்பட்ட செய்திகள் தொடர்ந்து வெளிவந்தன. உயிரைப் பறிக்கும் அதிகாரம் ஒரு சமூகம் தன் அரசிடம் மனமில்லாமல், வேறு வழியில்லாமல் ஒப்படைத்த அதிகாரம். அதை அரசு மூன்றாம் கைக்கு விற்பதற்கு அறத்தில் இடமில்லை என்பதே இக்கட்டுரையின் முடிபு.

தனியார் இராணுவ நிறுவனம் என்பது படைத்துறைப் பணிகளைக் கட்டணத்துக்குச் செய்து தரும் வணிக அமைப்பு. சமையல், சரக்குப் போக்குவரத்து, வாகனப் பழுதுநீக்கம் போன்ற பணிகளையும் இத்தகைய நிறுவனங்கள் ஏற்கின்றன. அவை இங்கே எழும் கேள்விக்கு உட்பட்டவை அல்ல. துப்பாக்கியின் விசையில் விரல் வைக்கும் பணியே இங்கு பொருள். அதைச் செய்பவரைக் கூலிப்படையினர் என்று உலக வழக்கு எளிதாகச் சொல்லிவிடுகிறது. சட்டமோ அவ்வளவு எளிதாகச் சொல்வதில்லை. ஜெனீவா ஒப்பந்தங்களுக்கு 1977-இல் சேர்க்கப்பட்ட முதலாம் நெறிமுறையின் 47-ஆம் பிரிவு ஆறு நிபந்தனைகளை அடுக்கி, ஆறும் ஒருசேரப் பொருந்தினால்தான் ஒருவர் கூலிப்படையினர் ஆவார் என்கிறது. போரிடும் நாட்டின் குடிமகனாக இருத்தலாகாது என்பது அவற்றுள் ஒன்று. ஆகவே உக்ரைனில் போரிட்ட வாக்னரின் ரஷ்யர்கள் எவ்வளவு ஊதியம் பெற்றிருந்தாலும் அந்த வரையறைக்குள் அகப்படுவதில்லை.

இந்த இருட்டின் உள்ளிருந்து வந்த சாட்சியங்களுள் மராத் கபிதுல்லினுடையது தனி மதிப்புடையது. ரஷ்ய வான்குடைப் படையில் அதிகாரியாக இருந்து, 2015-இல் வாக்னரில் சேர்ந்து, சிரியாவின் பல்மைரா நகரை மீட்கும் போரில் 2016-இல் படுகாயமுற்று, 2019-இல் வெளியேறிய அவர், தம் சொந்தப் பெயரிலேயே நினைவுக்குறிப்பு எழுதினார். ரஷ்யாவில் வெளிவர இருந்து தடைப்பட்ட அந்நூல் 2022-இல் பிரான்சில் அச்சேறியது. அவர் தம் தொழிலைக் கண்டு நாணுபவர் அல்லர். தம்மைக் கூலிப்படையாள் என்றே அழைத்துக்கொள்கிறார். அவருடைய மனக்குறை வேறு. களத்தில் முன்னே சென்று செத்தவர்கள் வாக்னர் ஆட்கள். வெற்றிக்குரிய பெருமை சென்று சேர்ந்தது சிரியப் படைக்கும் ரஷ்யத் தளபதிகளுக்கும். இறந்தவர்கள் அங்கே இருந்ததாகவே அரசு ஒப்புக்கொள்ளவில்லை. ரஷ்யக் குற்றவியல் சட்டத்தின் 359-ஆம் பிரிவு கூலிப்படைத் தொழிலைக் குற்றமென்கிறது. கலகத்துக்குப் பின் அதே நாட்டின் அதிபர், 2022 மே முதல் ஓராண்டில் மட்டும் அரசு 8,600 கோடி ரூபிளுக்கு மேல் வாக்னருக்குக் கொடுத்ததை வெளிப்படையாகச் சொன்னார். அடுத்த மாதமே, சட்டத்தின் பார்வையில் வாக்னர் என்று ஒன்று இல்லை என்றும் சொன்னார்.

கபிதுல்லினின் மனக்குறை எவ்வளவு ஆழமான இடத்தைத் தொடுகிறது என்பது தமிழ் அறநூல்களோடு வைத்துப் பார்க்கும்போது விளங்கும். படைச்செருக்கு அதிகாரத்தை நிறைவு செய்யும் குறளில், தன்னைப் புரந்த அரசனின் கண்களில் நீர் பெருகும்படி நேரும் சாவை இரந்தும் பெறத்தக்கது என்கிறார் வள்ளுவர். வீரனின் உயிருக்கு ஈடாக அவர் அங்கே வைப்பது பொன்னை அன்று, ஏவியவனின் கண்ணீரை. தொல்காப்பியம் இறந்த வீரனுக்குக் கல் நடும் வழக்கைக் காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுதல், பெரும்படை, வாழ்த்து என ஆறு துறைகளாக வகுத்துச் சொல்வதும் இதே கருத்தினால்தான்: கல்லைத் தேடுவதிலிருந்து அதை வாழ்த்துவது வரை ஊரே கூடிச் செய்யும் அந்தச் சடங்கு, இவன் எங்கள் பொருட்டு இறந்தான் என்று பலர் அறிய ஏற்றுக்கொள்ளும் செயல். செஞ்சோற்றுக் கடன் என்பதும் ஒருவகைக் கூலிதானே என்று கேட்கலாம். சோறிட்டவன் தானும் களத்தில் நின்றான் என்பதே விடை. வேந்தனும் விழுந்த போர்களைப் புறநானூறு பலமுறை பாடுகிறது. மகாபாரதத்தில் பீஷ்மரும் துரோணரும் பொருளால் கௌரவர்க்குக் கட்டுண்டதைத் தருமனிடம் நேர்நின்று ஒப்புக்கொள்கின்றனர். பொருளுக்குப் போர்புரிவது அவர்களுக்கே கூசியது. இன்றைய ஒப்பந்தமோ, ஏவியவன் முகம் தெரியாதிருக்கவே எழுதப்படுகிறது.

குறையை இவ்வளவு சரியாகக் கண்ட கபிதுல்லின் விரும்பும் மருந்து, இத்தொழில் மறைவிலிருந்து வெளிச்சத்துக்கு வர வேண்டும் என்பது. அது போதாது. வெளிச்சத்தில் நடந்த வணிகம் எப்படி இருக்கும் என்பதை பாக்தாதின் நிசூர் சதுக்கம் காட்டியது. பிளாக்வாட்டர் மறைவான அமைப்பு அன்று; அமெரிக்க வெளியுறவுத் துறை எழுத்துமூலம் ஒப்பந்தம் செய்துகொண்ட, பதிவு பெற்ற நிறுவனம். 2007 செப்டம்பர் 16 அன்று நண்பகலில் அதன் நான்கு கவச வாகனங்கள் போக்குவரத்தை மறித்து நின்றபோது, மருத்துவ மாணவர் ஒருவர் தாயை அருகில் வைத்து ஓட்டிவந்த வெள்ளைக் காரை நோக்கி முதல் குண்டுகள் பாய்ந்தன. ஓட்டியவர் இறந்தபின் கார் தானாகவே மெல்ல முன்னே நகர்ந்தது. அதையே தாக்குதல் என்று கொண்டு சுட்டார்கள். போக்குவரத்துக் காவலர் கையை உயர்த்திச் சுடவேண்டாம் என்று காட்டியும் சூடு நிற்கவில்லை. ஈராக் அரசின் கணக்கில் அன்று இறந்தவர்கள் 17 பேர். ஆக்கிரமிப்பு நிர்வாகம் பிறப்பித்திருந்த 17-ஆம் எண் ஆணை ஒப்பந்ததாரர்களை ஈராக் நீதிமன்றங்களுக்கு அப்பால் நிறுத்தியிருந்தது. அமெரிக்க நீதிமன்றம் 2014-இல் நால்வரைக் குற்றவாளிகள் என்றது. 2020 டிசம்பரில் அதிபர் டிரம்ப் அந்நால்வருக்கும் மன்னிப்பு வழங்கினார். உரிமமும் ஒப்பந்தமும் கணக்கேடும் எல்லாம் இருந்தன. இறந்தவர்களுக்குப் பதில் சொல்ல மட்டும் ஆள் இல்லை.

பழைய அரசியல் நூலோர் இதை முன்பே அறிந்திருந்தனர். தொல்படையின் சிறப்பைக் கூறும் குறளுக்கு உரை எழுதிய பரிமேலழகர் படைகளை மூலப்படை, கூலிப்படை, நாட்டுப்படை, காட்டுப்படை, துணைப்படை, பகைப்படை என ஆறாகப் பகுத்து, வழிவழியாய் வரும் மூலப்படையையே சிறந்ததாகக் கொள்கிறார். கௌடிலியரின் அர்த்தசாஸ்திரமும் அவ்வாறே மூலப்படையை முதலில் வைத்துக் கூலிப்படையை அதற்குக் கீழே நிறுத்துகிறது. இத்தாலியர் மாக்கியவெல்லி தம் அரசியல் நூலின் 12-ஆம் அதிகாரத்தில், கூலித் தளபதி திறமையற்றவனாயின் போரைத் தோற்பான், திறமையுள்ளவனாயின் அமர்த்தியவனையே அச்சுறுத்துவான் என்ற கருத்தை 1513-ஐ ஒட்டி எழுதினார். பிரிகோஷினின் கதை முழுவதும் அதில் அடங்கிவிடுகிறது. ஆப்பிரிக்காவில் தனியார் ஒப்பந்ததாரராகப் பணியாற்றியபின் 2014-இல் நூல் எழுதிய அமெரிக்கர் ஷான் மெக்ஃபேட்டும் இதே திசையில்தான் எச்சரிக்கிறார்: போரை விற்பவர் பெருகினால் வாங்குபவரும் பெருகுவர், அமைதி அவர்களுக்கு நட்டம். சிறைக் கொட்டடிகளின் முற்றத்தில் நின்று, ஆறு மாதம் போரிட்டால் விடுதலை, ஓடினால் சுடப்படுவீர் என்று 2022-இல் பிரிகோஷின் கைதிகளிடம் பேசிய காட்சியைப் பார்த்தவர்க்கு இந்தச் சந்தையில் மனித உயிரின் விலை எவ்வளவு என்பது தெரியும்.

மறுதரப்புக்கும் ஒரு சான்று உண்டு. தென்னாப்பிரிக்கர் ஈபன் பார்லோ 1989-இல் நிறுவிய எக்ஸிகியூடிவ் அவுட்கம்ஸ், 1995-இல் சியரா லியோனில் சில நூறு ஆள்களைக் கொண்டு, தலைநகர் ஃப்ரீடவுனை நெருங்கியிருந்த கொடிய கிளர்ச்சிப் படையைச் சில வாரங்களில் விரட்டியது. உலகம் கைகட்டி நின்ற இடத்தில் உயிர்கள் காக்கப்பட்டன என்பதை மறுக்க இயலாது. எனினும் 1997-இன் தொடக்கத்தில் நிறுவனம் வெளியேறியது, அதே ஆண்டு மே மாதம் ஆட்சி கவிழ்ந்தது, 1999 ஜனவரியில் ஃப்ரீடவுன் மீண்டும் சூறையாடப்பட்டது. வாடகைக்கு வந்த காவல் வாடகை தீர்ந்ததும் போயிற்று.

இதையெல்லாம்விடப் பெரிய கேள்வி, ஆயுதமற்றவர் பக்கத்திலிருந்து எழுவது. பாண்டிய மன்னன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியைப் பாடிய நெட்டிமையார், அம்பு விடுமுன் ஆவும் பெண்டிரும் பிணியுடையாரும் புதல்வரைப் பெறாதாரும் அரண் தேடிச் செல்க என்று முன்னறிவிக்கும் அறநெறியை அவனுக்கு உரியதாக்குகிறார். அந்த நெறியைக் காக்கத் தவறினால் பழி யாருக்கு என்பதில் அங்கே ஐயமில்லை, அரசனுக்கு. மாலி நாட்டின் மௌரா கிராமத்தில் 2022 மார்ச் இறுதியில் குறைந்தது 500 பேர் கொல்லப்பட்டதாக ஐ.நா. மனித உரிமை அலுவலகம் கண்டறிந்தது. கொன்றவர்கள் மாலிப் படையினரும் வெளிநாட்டுப் படையாள்களும் என்று அறிக்கை சொல்கிறது. அந்த வெளிநாட்டவருக்காக எந்த அரசும் தலைகுனியவில்லை. தமிழர் வரலாற்றிலேயே இதற்கு முன்னோடி உண்டு. பிரிட்டிஷ் சிறப்புப் படையின் முன்னாள் வீரர்கள் நடத்திய கே.எம்.எஸ். நிறுவனம் 1984 முதல் இலங்கையின் விசேட அதிரடிப் படைக்குப் பயிற்சி அளித்தது. அதன் விமானிகள் அங்கே ஹெலிகாப்டர் ஓட்டினர். அந்த அதிரடிப் படையே 1987 ஜனவரியில் மட்டக்களப்பின் கொக்கட்டிச்சோலையில் இறால் பண்ணைத் தொழிலாளர் உள்ளிட்ட தமிழ் மக்களைக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்படுகிறது. தனியார் நிறுவனம் செய்வதற்குத் தான் பொறுப்பல்ல என்பது பிரிட்டிஷ் அரசின் நிலைப்பாடாக இருந்தது. லண்டன் பெருநகரக் காவல்துறை கே.எம்.எஸ். குறித்து விசாரணை தொடங்கியது 2020-இல்.

கூலிப்படைகளுக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கை 1989-இல் நிறைவேறி 2001-இல் நடைமுறைக்கு வந்தும், அமெரிக்காவும் பிரிட்டனும் ரஷ்யாவும் அதில் சேரவில்லை. தனியார் இராணுவ நிறுவனங்கள் குறித்து 2008-இல் உருவான மொந்த்ரோ ஆவணம் நன்னெறிகளைப் பட்டியலிடுகிறது. மீறினால் தண்டிக்க அதற்கு வலுவில்லை. ஆனால் வழியே இல்லை என்று சொல்வதற்கில்லை. எக்ஸிகியூடிவ் அவுட்கம்ஸ் பிறந்த தென்னாப்பிரிக்காவே 1998-இல், தன் மண்ணிலிருந்து கூலிப் போரை ஏற்றுமதி செய்வதைக் குற்றமாக்கிச் சட்டம் இயற்றியது. எக்குவடோரியல் கினியாவில் 2004-இல் திட்டமிடப்பட்ட ஆட்சிக் கவிழ்ப்புக்காக ஹெலிகாப்டர் ஏற்பாட்டுக்குப் பணம் கொடுத்த வழக்கில், பிரிட்டனின் முன்னாள் பிரதமர் மார்கரெட் தாட்சரின் மகன் மார்க் தாட்சர், அந்தச் சட்டத்தின் கீழ்க் கேப் டவுன் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டு 30 லட்சம் ராண்ட் தண்டம் கட்டினார். துப்பாக்கி பிடித்தவனோடு நில்லாமல் பணம் கொடுத்தவனையும் பெயர் சொல்லி அழைத்த அந்தச் சட்டத்தைப் போன்ற ஒன்றை, போரை விலைக்கு வாங்கும் வல்லரசுகள் தங்களுக்கு எதிராகவே இயற்றிக்கொள்ள வேண்டும்.