கீறல் இல்லாத காயத்துக்கும் சீட்டு வாங்குங்கள்

2020 ஜூலை 1 காலை நெய்வேலி இரண்டாம் அனல்மின் நிலையத்தில் கொதிகலன் வெடித்தது. ஆறு பேர் அங்கேயே மாண்டார்கள். மே 7-இல் அதே நிலையத்தில் ஒரு வெடிப்பு. செப்டம்பர் 4-இல் காட்டுமன்னார்கோவிலை அடுத்த குருங்குடியில் பட்டாசு ஆலை வெடித்துப் பெண்கள் இறந்தார்கள். எல்லாம் நம் ஸ்ரீமுஷ்ணத்துச் சுற்றுவட்டாரத்தில்தான். இறந்தவர்களைக் கணக்கெடுத்தார்கள். உடம்பில் கீறல்கூட இல்லாமல் வெளியே வந்தவர்களை?

அப்படி ஒருவர் உங்கள் வீட்டிலேயே இருக்கலாம். குக்கர் விசில் அடித்ததும் சாப்பாட்டுத் தட்டை விட்டு வாசலுக்கு ஓடுவார். நைட் ஷிப்ட் என்றாலே கை நடுங்கும். பயந்த கோளாறு என்று மந்திரித்துத் தாயத்துக் கட்டுவீர்கள். கட்டுங்கள். அதே வாரம் அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரிடமும் கூட்டிப் போங்கள். வேலையில் நடந்த விபத்தைச் சொல்லி, அதையும் சீட்டில் எழுதி வாங்குங்கள். வெறும் 'தூக்கமின்மை' என்று எழுதிய சீட்டை வைத்து நாளைக்கு எதையும் நிரூபிக்க முடியாது.

வேலை விபத்து இழப்பீட்டுச் சட்டப்படி இழப்பீடு கேட்கக் கெடு 2 ஆண்டு. 2020-இல் பட்டவர்களுக்கு அது தாண்டிவிட்டது. தக்க காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்கச் சட்டத்தில் இடமுண்டு, கேட்டுப் பாருங்கள். சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் விருத்தாசலம் பீங்கான் பட்டறைக்காரர் நெஞ்சில் படியும் சிலிக்கா தூசிக்கு இடமுண்டு, மனக்காயத்துக்கு இல்லை. ஆனால் பட்டியலில் இல்லாத காயமானாலும், சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்று மருத்துவர் சான்று தந்தால் கேட்கலாம். அந்த வழியில்தான் வாதாட வேண்டும். கனடாவின் ஒன்டாரியோவில் 2016 முதல் தீயணைப்பு வீரருக்கு இந்த மனக்காயம் வந்தால் வேலையால் வந்ததாகவே எடுத்துக்கொள்கிறார்கள். இங்கே நிரூபிக்கும் பாரம் தொழிலாளி தலையில். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மனநோயையும் ஏற்கிறது. பாதிப்பு 40 சதவீதம் இருந்தால் மாற்றுத்திறனாளிச் சான்றையும் வாங்குங்கள்.

மேஸ்திரிமாரே, ஊர்ப் பையன்களை வேலைக்கு அழைத்துப் போனது நீங்கள். 'லாயக்கில்லை' என்று பெயரை அடிக்காதீர்கள். விபத்தன்று அந்த ஷிப்டில் இருந்தான் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். காண்ட்ராக்டர் முறைப்பார், முறைக்கட்டும். சங்கத்தாரே, போனஸ் பேச்சில் காட்டும் வேகத்தில் பாதியை இதற்குக் காட்டினால் போதும்: பட்டியலில் மனக்காயத்தைச் சேர்க்கச் சொல்லி மனு எழுதுங்கள்.

வீட்டுப் பெண்களே, அவர் நடுராத்திரி எழுந்து உட்கார்ந்தால் விடியட்டும் என்று இருக்க வேண்டாம். டெலி மானஸ் மனநல உதவி எண் 14416-ஐ அழையுங்கள். காசு கிடையாது, தமிழில் பேசலாம்.