கலங்கல் நீரில் ஒரு கேமரா

தாராவியில் வளர்ந்தவர்களுக்கு நீலக் கடல் என்பது சினிமாவில் வருவது. மாகிம் கழிமுகத்தில் கையை விட்டால் விரல்கள் தெரியாது. துறைமுகத் தண்ணீரும் ஏறக்குறைய அப்படித்தான். 2013 ஆகஸ்ட் 14, நள்ளிரவு தாண்டிய நேரம்; மும்பை கடற்படைத் தளத்தில் சிந்துரக்ஷக் நீர்மூழ்கி வெடித்து, உள்ளே இருந்த 18 பேருடன் நின்ற இடத்திலேயே அமிழ்ந்தது. தேடி இறங்கிய முக்குளிப்பு வீரர்களுக்குக் கண் பயன்படவில்லை. எண்ணெயும் சேறும் கலந்த இருட்டில், வெப்பத்தில் கோணி இறுகிப்போன கதவுகளைத் தடவித் தடவி உள்ளே போனார்கள். அது போர்க்காலம் அல்ல. போர்க்காலத்திலும் வேலை இதுதான்.

முக்குளிக்கத் தெரிந்த மாலுமியிடம் கேமராவையும் கொடுத்து அனுப்பும் வழக்கம் உண்டு. அமெரிக்கக் கடற்படை அதற்கென்றே ஆட்களைப் பழக்கியது. பவளப்பாறையைப் படம் பிடிக்க அல்ல. உடைந்த அடிப்பகுதி, மூழ்கிய கப்பல், வெடிக்காத கண்ணி: எல்லாம் கோப்புக்குப் போகும் படங்கள். எடுத்தவன் கண் அவனுடையது, படம் அரசாங்கத்துடையது.

மும்பைக்கு இது பழைய பாடம். 1944 ஏப்ரல் 14 அன்று விக்டோரியா கப்பல்துறையில் ஃபோர்ட் ஸ்டிகீன் கப்பல் வெடித்தது. பஞ்சுப் பொதிகளையும் வெடிமருந்தையும் ஒரே கப்பலில் ஏற்றிய புத்திசாலித்தனத்துக்கு நூற்றுக்கணக்கானோர் பலி. சுதீஷ் கட்டக் அதைப் படச்சுருளில் பதிவு செய்தார். ராணுவ அதிகாரிகள் பறிமுதல் செய்தார்கள். செய்தியும் வாரக்கணக்கில் தணிக்கையில் கிடந்தது.

சரி, படமும் சான்றும் கைக்கு வந்துவிட்டால் உண்மை தீர்ந்துவிடுமா? 1971 போரின்போது, டிசம்பர் தொடக்கத்தில் விசாகப்பட்டினத்துக்கு வெளியே பாகிஸ்தானின் காஸி நீர்மூழ்கி மூழ்கியது. நம் முக்குளிப்பு வீரர்கள் இறங்கினார்கள், சிதைவைத் தொட்டார்கள், பொருள்களை மேலே கொண்டுவந்தார்கள். ஐ.என்.எஸ். ராஜ்புத் வீசிய நீரடிக் குண்டுகள்தான் காரணம் என்கிறது இந்தியா. உள்ளே நடந்த விபத்து என்கிறது பாகிஸ்தான். இரும்பு ஒன்று, கதை இரண்டு.

அதே மாதம் 9ஆம் தேதி, மும்பையிலிருந்து புறப்பட்டுப்போன ஐ.என்.எஸ். குக்ரி டையூவுக்கு அப்பால் மூழ்கியது. கேப்டன் மகேந்திரநாத் முல்லா உட்பட 18 அதிகாரிகள், 176 மாலுமிகள் பலி. மூழ்கடித்தது பாகிஸ்தானின் ஹங்கோர் நீர்மூழ்கி என்பதில் இரு நாட்டுக்கும் தகராறே இல்லை. அங்கே யாரும் கேமராவோடு இறங்கிச் சான்று தேட வேண்டியிருக்கவில்லை. ஆக, நாடுகள் உண்மையை ஏற்பதும் மறுப்பதும் படத்தைப் பார்த்து அல்ல.

அப்படியென்றால் அந்த முக்குளிப்பு வீரனை எதற்குக் கீழே அனுப்புவது? சிந்துரக்ஷக்கிலிருந்து வெளியே எடுத்த உடல்களை முகம் பார்த்துச் சொல்ல முடியவில்லை. மரபணுச் சோதனை தேவைப்பட்டது. எந்தப் படமும் அந்த வீடுகளுக்கு உதவியிருக்காது. தடவிப் போன கைகள் உதவின.