சுழற்சியின் கணக்கில் யாருடைய நேரம்?

உலகப் பொருளாதாரம் எவ்வளவு தூரம் சுழற்சிப் பாதைக்கு வந்திருக்கிறது என்பதற்கு இன்று எண்கள் இருக்கின்றன. உலகம் ஓராண்டில் பயன்படுத்தும் பொருட்களில் மீட்டெடுத்து மறுபடி பயன்பாட்டுக்கு வந்தவற்றின் பங்கு 2018-இல் வெளியான 'சர்க்குலாரிட்டி கேப்' அறிக்கையில் 9.1 சதவிகிதம். 2023 அறிக்கையில் அது 7.2 சதவிகிதம். ஐரோப்பிய ஒன்றியம் இதே போன்ற தன் பங்கைப் பத்தாண்டுகளில் இரட்டிப்பாக்குவதாக 2020-இல் அறிவித்தது. அளக்காமல் விட்டால் அரசும் நிறுவனங்களும் வெறும் வாக்குறுதியோடு நின்றுவிடும். ஆகவே, இந்த எண்கள் வேண்டியவைதான்.

ஆனால் அளப்பது என்பது எது முக்கியம் என்று தீர்மானிப்பதும்தான். ஐரோப்பிய ஒன்றியத்தின் இந்த அளவுகோல் மறுசுழற்சி செய்த கழிவின் எடையைப் பார்க்கிறது. ஒரு கண்ணாடிக் குப்பியை நொறுக்கி உருக்கினால் அது கணக்கில் ஏறும். கழுவி, வெயிலில் காயவைத்து, மறுபடி எண்ணெய் ஊற்றிவைத்தால் ஏறாது. பழைய புடவை தூளியாகி, விரிப்பாகி, கடைசியில் அடுப்படித் துணியாவதற்கும் அங்கே இடமில்லை. குப்பையாகாத பொருளைக் குப்பைக் கணக்கில் தேட முடியாதல்லவா? நன்றாகச் செய்த பராமரிப்பு தடயம் விடுவதில்லை. பெண்களின் வீட்டுவேலைக்கும் எப்போதும் இதே கதிதான்: செய்யாதபோது மட்டுமே கண்ணில் படும்.

பிரிட்டனின் சுற்றுச்சூழல் முகமை 2008-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதற்கு நல்ல உதாரணம். ஒரு குழந்தைக்கு இரண்டரை ஆண்டுகளுக்குத் தேவையான டயப்பர்களை அது ஒப்பிட்டது. தூக்கி எறியும் டயப்பரால் வரும் கரியமில வெளியீடு சுமார் 550 கிலோ. சராசரியாகத் துவைத்துப் பயன்படுத்தும் துணி டயப்பரால் 570 கிலோ. ஆனால் இயந்திரம் நிறையத் துணி சேர்த்துத் துவைத்து, எப்போதும் வெளியே கொடியில் காயவைத்து, இரண்டாவது குழந்தைக்கும் அதையே பயன்படுத்தினால் துணி டயப்பரின் பாதிப்பு 40 சதவிகிதம் குறையும் என்றது ஆய்வு.

இந்த மூன்று நிபந்தனைகளையும் இன்னொரு முறை படியுங்கள். சேர்த்துவைப்பது, கொடியில் போடுவது, மழை வந்தால் ஓடிப்போய் எடுப்பது, அடுத்த பிள்ளைக்காக மடித்துப் பத்திரப்படுத்துவது: ஒவ்வொன்றும் யாரோ ஒருவருடைய வேலை. மின்சாரம், தண்ணீர், சோப்புத்தூள் எல்லாம் அளக்கப்பட்டன. கை மட்டும் அளக்கப்படவில்லை.

அது சுற்றுச்சூழல் ஆய்வுதானே, உழைப்பை ஏன் அளக்க வேண்டும் என்று கேட்கலாம். ஆய்வு ஆய்வாகவே இருக்கும்வரை அந்தக் கேள்வி நியாயம். அதன் முடிவு அறிவுரையாக மாறி வீட்டுக்குள் வரும்போது அது வேலைப் பங்கீடாகிவிடுகிறது. துணி நாப்கினுக்கு மாறுங்கள், குப்பையைத் தரம் பிரியுங்கள் என்ற அறிவுரைகள் பெரும்பாலும் யாரை நோக்கிச் சொல்லப்படுகின்றன என்பது நமக்குத் தெரியும். இந்தியாவின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டுவேலையில் ஈடுபடுவோரில் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமிடங்களும் ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிடுகிறார்கள். இந்த 299 இன்னும் கூடி, குப்பையின் எடை குறைந்தால், அதை முன்னேற்றம் என்று சொல்வோமா?

தேசியக் கணக்குகள் பெண்களின் உழைப்பை எப்படி வெளியே நிறுத்துகின்றன என்று 1988-இலேயே நியூசிலாந்தின் மர்லின் வாரிங் ஒரு புத்தகமே எழுதினார். இன்று பூமியைக் காக்க வந்த புதிய கணக்கும் அதே கோட்டைத்தான் கிழிக்கிறது.

எல்லாவற்றையும் கணக்கில் ஏற்றினால் போதுமா? போதாது. பெண்கள் இயல்பிலேயே சிக்கனமானவர்கள் என்ற பாராட்டும் ஒருவகைக் கணக்குதான். வறுமையால் செய்ததை அது குணமாக்கிவிடும். எண்ணுவது எண்ணப்படுகிறவருக்கு ஏதேனும் பெற்றுத் தர வேண்டும். புனேயில் 1993-இல் குப்பை பொறுக்குவோர் சங்கம் தொடங்கினார்கள். உறுப்பினர்களில் பெரும்பாலோர் பெண்கள். தாங்கள் பிரித்தெடுக்கும் குப்பையால் மாநகராட்சிக்கு எவ்வளவு செலவு மிச்சமாகிறது என்ற கணக்கை அந்தச் சங்கம் முன்வைத்தது. அடையாள அட்டையும் மருத்துவக் காப்பீடும் கேட்டுப் பெற அந்தக் கணக்கு கைகொடுத்தது. அங்கே எண் அவர்கள் கையில் இருந்தது.

ஆகவே டன் கணக்குக்குப் பக்கத்தில் மணிக் கணக்கையும் எழுதச் சொல்வோம். மீட்ட ஒவ்வொரு பொருளுக்கும் எத்தனை மணி நேரம் போயிற்று, அது யாருடைய நேரம், அதற்குக் கூலி உண்டா? நேரத்தை அளக்கும் கணக்கெடுப்பு நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. இரண்டு ஏடுகளையும் ஒன்றாகத் திறந்துவைக்கும் மனம்தான் வேண்டும். பூமியின் சுமையை இறக்கி ஒரு பெண்ணின் தலையில் ஏற்றினால் சுமை இடம் மாறியிருக்கிறதே தவிர, குறையவில்லை.