பறவையும் பாட்டாளியும்

மனிதன் உணவுக்கும் உரிமைக்கும் போராடிக்கொண்டிருக்கும் காலத்திலே, ஒருவன் தொலைநோக்கியைக் கையிலேந்திக் காட்டிடையே பறவை பார்த்துத் திரிவது நியாயமாகுமா? முற்போக்காளர் பலர் இதனை ஓய்வுள்ளோரின் பொழுதுபோக்கென ஒதுக்கிவிடுவர். கேள்வி நியாயமானதே. ஆயினும், விடையை ஓர் உண்மைக் காட்டினுள்ளே தேடிப் பார்ப்பது நலம்.

ஒஸ்திரியாவுக்கும் சிலோவாக்கியாவுக்கும் எல்லையாக ஓடும் மொராவா ஆற்றங்கரையிலே, மார்ஹெக் என்னும் ஊரருகே, முதிய ஓக் மரங்கள் நிறைந்த வெள்ளச் சமவெளிக் காடொன்று உண்டு. பனியுருகி ஆறு பெருகும் மார்ச் மாத இறுதியிலே, ஆபிரிக்காவிலிருந்து செங்கால் நாரைகள் திரும்பிவந்து அம்மரங்களின் உச்சியிலே கூடமைக்கின்றன. ஏப்பிரலில் வெண்கழுத்து ஈப்பிடிப்பான் வந்து மரப்பொந்துகளிற் குடிபுகும். வெள்ளம் வடிந்த புற்றரைகளிலே தவளையும் பூச்சியும் தேடி, நாரைகள் குஞ்சுகளை வளர்க்கின்றன. ஓகஸ்டில் அவை புறப்பட்டுவிடும். இலைகள் உதிர்ந்த குளிர்காலத்திலும் காட்டை விட்டகலாது, முதிய மரப்பட்டையின் வெடிப்புகளிலே இரைதேடி வாழ்கிறது ஒருவகைப் புள்ளி மரங்கொத்தி.

குளிர்காலத்தில் ஒருநாள் மட்டும் அங்கு செல்பவன் மொட்டை மரங்களையும் சேற்றையுமே காண்பான். வீண் நிலம் என்பான். உளுத்த கிளையை விறகெனக் கணக்கிடுவான். நான்கு பருவமும் பார்த்தவனோ, அக்கிளை மரங்கொத்தியின் வீடென்பதையும், அழிவெனத் தோன்றும் வெள்ளமே நாரைக் குஞ்சின் உணவென்பதையும் அறிவான். ஒரு பொருளின் பெறுமதியை ஒரே பருவத்திற் கணித்துவிடுவது இலாப நோக்கின் இயல்பு. அக்கணக்கைத் திருத்தவல்ல சாட்சியத்தைப் பொறுமையோடு பார்த்தவனே சமூகத்துக்கு அளிக்கிறான்.

அத்தகைய சாட்சியம் 1984இல் சோதனைக்குள்ளாயிற்று. மொராவா டான்யூப் நதியோடு கலக்கும் இடத்துக்கு அண்மையில், ஹைன்பேர்க்கில், நீர்மின் நிலையம் அமைப்பதற்காக ஆற்றோரக் காட்டை வெட்ட முற்பட்டனர். டிசெம்பர்க் குளிரிலே மாணவரும் பொதுமக்களும் ஆயிரக்கணக்கில் காட்டிலே முகாமிட்டனர். 19ஆம் திகதி பொலிசார் தடியடி நடத்தினர். அன்றே வியன்னாவில் சுமார் 40,000 பேர் ஊர்வலம் சென்றனர். மரம் வெட்டுதல் நிறுத்தப்பட்டது. திட்டமும் பின்னர் கைவிடப்பட்டது. 1996இல் அப்பகுதி தேசியப் பூங்காவாயிற்று.

நாம் மறைத்தலாகாத உண்மை ஒன்றுண்டு. அன்று ஆட்சியிலிருந்தது சோசலிஸ்டுகளின் தலைமையிலான அரசாங்கம். தொழிற்சங்கத் தலைமையும் அணையின் பக்கமே நின்றது. வேலை வேண்டுமென்ற தொழிலாளியின் குரல் பொய்க்குரலென எவரும் கூற முடியாது.

எனினும், வேலையை மனிதன் வேறோரிடத்தில், வேறொரு விதத்தில் உண்டாக்கலாம். இருநூறாண்டு முதிர்ந்த ஓக் மரத்தை எத்தொழிற்சாலையாலும் ஆக்கித்தர இயலாது. மீளப் பெறக்கூடியதையும் பெறமுடியாததையும் ஒரே தராசில் நிறுத்தலாகாது. அதேவேளை, காட்டைக் காக்கச் சொல்லிவிட்டு, வேலையிழப்பவனின் அடுப்பைப்பற்றி மௌனம் சாதிப்பவனும் நீதிமானல்லன். மரத்துக்காகக் குரலெழுப்புவோன் மாற்று வேலைக்காகவும் குரலெழுப்பக் கடமைப்பட்டவன்.

எட்டுமணி நேர வேலைக்காகத் தொழிலாளர் நடத்திய போராட்டம் ஓய்வுக்கான போராட்டமுமாகும். அந்த ஓய்விலே நாரையின் வருகையைக் கண்டு மகிழும் உரிமையும் அடங்கும். பறவை பார்ப்பது குற்றமன்று. பார்க்கும் வாய்ப்புச் சிலருக்கு மட்டுமே வாய்த்திருப்பதுதான் குற்றம்.