இருபதாம் தேதியும் முப்பதாம் தேதியும்

புது தில்லி ராமகிருஷ்ணபுரத்தில் சிறு குன்றின்மீது எழுந்துள்ள சுவாமிநாத சுவாமி ஆலயத்தைத் தலைநகரத்துத் தமிழர்கள் மலை மந்திர் என்று அழைப்பார்கள். தேர்வுக்கு முன் மாணவர்களும், பணிமாற்ற உத்தரவை எதிர்நோக்கும் அரசு ஊழியர்களும், வீட்டில் நோயாளியை விட்டுவிட்டு வந்தவர்களும் அங்கு கைகூப்பி நிற்பதுண்டு. நினைத்தது நடந்துவிட்டால் தாய் "முருகன் கொடுத்தான்" என்கிறாள். கல்லூரியில் படிக்கும் மகனோ "அது எப்படியும் நடந்திருக்கும்" என்கிறான். இருவருமே மனமறிந்து பொய் சொல்பவர்கள் அல்லர். ஆயினும் ஒருவர் சொல்வது மற்றவருக்குச் சிறுபிள்ளைத்தனமாகத் தோன்றுகிறது.

இவ்விவாதம் மிகப் பழையது. கிரேக்க நாட்டு டயாகரஸ் என்ற நாத்திகரிடம், புயலில் வேண்டிக்கொண்டு உயிர் பிழைத்தவர்கள் காணிக்கையாகத் தந்த ஓவியங்களை ஒரு நண்பர் காட்டினாராம். "வேண்டிக்கொண்டும் மூழ்கிப் போனவர்களின் ஓவியங்கள் எங்கே?" என்ற பொருளில் அவர் திருப்பிக் கேட்டதாக ரோமானிய அறிஞர் சிசரோ எழுதி வைத்திருக்கிறார். நம் ஆலயங்களில் குவியும் வெள்ளிக் கண்மலர்களையும் கைகால் உருவங்களையும் காணும்போதும் இக்கேள்வி எழக்கூடும். குணமடையாதவர் உருவம் வாங்கிச் சாத்துவதில்லை.

இதனை எண்ணிக்கையால் தீர்த்துவிட முயன்றவர்களும் உண்டு. அமெரிக்காவில் இருதய அறுவை சிகிச்சை செய்துகொண்ட 1,802 நோயாளிகளிடம் நடத்தப்பட்ட பெரிய ஆய்வு ஒன்று 2006-ஆம் ஆண்டு வெளிவந்தது. பிறர் தமக்காகப் பிரார்த்திக்கிறார்களா என்பதை அறியாத நோயாளிகளிடையே, பிரார்த்தனை பெற்றவர்களில் 52 சதவீதத்தினருக்கும் பெறாதவர்களில் 51 சதவீதத்தினருக்கும் சிக்கல்கள் ஏற்பட்டன. தமக்காகப் பிரார்த்தனை நடக்கிறது என்று உறுதியாக அறிந்திருந்தவர்களிடையே அது 59 சதவீதம். நாத்திகர் இதைக் கண்டு மகிழ்ந்தார். ஆத்திகர், இறைவன் சோதனைக் கூடத்துக்கு உட்பட்டவன் அல்லன் என்றார். இரு தரப்பும் முன்பு நின்ற இடத்திலேயே நின்றன.

ஆனால் இக்கேள்வி எண்ணிக்கையைத் தாண்டி ஒரு மனிதரின் உயிரையே பற்றி எழுந்த இடம் ஒன்று, மலை மந்திரிலிருந்து சில மைல் தொலைவில் இருக்கிறது. அன்று அல்புகர்க் சாலை என்றும் இன்று தீஸ் ஜனவரி மார்க் என்றும் பெயர் பெற்ற வீதியில் உள்ள பிர்லா மாளிகை அது. 1947 செப்டம்பர் 9 அன்று கல்கத்தாவிலிருந்து தில்லி வந்த மகாத்மா காந்தி, வழக்கமாகத் தங்கும் துப்புரவுத் தொழிலாளர் குடியிருப்பில் அகதிகள் நிறைந்திருந்தமையால் இங்கு தங்கினார். ஒவ்வொரு நாளும் மாலை ஐந்து மணிக்குத் தோட்டத்தில் கூட்டுப் பிரார்த்தனை நடைபெற்றது. குர்ஆன் ஓதப்பட்டது, அதற்குச் சிலர் எதிர்ப்புத் தெரிவித்ததும் உண்டு. பஜனையும் ராம நாமமும் ஒலித்தன. கீதையின் இரண்டாம் அத்தியாயத்தில் ஸ்திதப்பிரக்ஞனின் இலக்கணத்தைக் கூறும் இறுதிப் பத்தொன்பது சுலோகங்கள் அவருடைய பிரார்த்தனையில் நீங்கா இடம் பெற்றவை.

அந்தப் பத்தொன்பது சுலோகங்களில் இறைவனிடம் எந்த வேண்டுகோளும் இல்லை. துன்பத்தில் கலங்காமலும் இன்பத்தில் மயங்காமலும் நிற்பவன் எப்படி இருப்பான் என்பதே அவற்றின் பொருள். தினமும் இதனையே ஓதுகிற ஒருவருக்கு, பிரார்த்தனை "பலித்ததா" என்று வெளியிலிருந்து பார்ப்பவர் எதை வைத்துச் சொல்வது?

அவர் வேண்டியது எதுவும் இல்லை என்று சொல்லிவிட முடியாது. தில்லி அமைதியுற வேண்டும் என்பது அவருடைய வேண்டுதலாக இருந்தது. மேற்குப் பஞ்சாபிலிருந்து அனைத்தையும் இழந்து வந்த இந்து, சீக்கிய அகதிகளுள் பலர் குளிர் தாங்காமல் பள்ளிவாசல்களில் ஒண்டியிருந்தனர். தம் வீடுகளிலிருந்து துரத்தப்பட்ட முஸ்லிம்கள் புராணா கிலாவிலும் ஹுமாயூன் கல்லறையிலும் தஞ்சம் புகுந்திருந்தனர். ஒருவர் தலைக்குமேல் ஒரு கூரை கேட்டார். இன்னொருவர் தம் தொழுகைக்கூடத்தைத் திருப்பிக் கேட்டார். இருவர் வேண்டுதலும் நியாயமானது. ஒன்று நிறைவேறினால் மற்றொன்று பொய்க்கும். "என் பிரார்த்தனையை இறைவன் கேட்டான்" என்று எளிதாகச் சொல்லிவிடுபவர்கள் அந்த ஜனவரியின் குளிரைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

1948 ஜனவரி 13 அன்று, 78 வயதில், காந்தியடிகள் உண்ணாநோன்பு தொடங்கினார். 18-ஆம் தேதி பல சமயத்தினரும் பல அமைப்பினருமாக நூற்றுக்கும் மேற்பட்ட பிரதிநிதிகள் அவருடைய படுக்கையைச் சுற்றிக் கூடினார்கள். முஸ்லிம்களின் உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்பு அளிப்பதாகவும், பள்ளிவாசல்களைத் திருப்பித் தருவதாகவும், மெஹ்ரௌலியில் குவாஜா குத்புத்தீன் பக்தியார் காக்கி அடக்கத்தலத்தின் உருஸ் விழா முன்போல் நடக்க உதவுவதாகவும் உறுதிமொழி அளித்தார்கள். மௌலானா ஆசாத் கொடுத்த பழச்சாற்றை அருந்தி அவர் நோன்பை முடித்தார். இதைத் தற்செயல் என்று கூறுவார் எவரும் இலர். விண்ணிலிருந்து வந்த அற்புதம் என்று கூறவும் தேவையில்லை. மனம் மாறியவர்களும், ஒரு முதியவர் இறந்துவிடுவாரோ என்று அஞ்சியவர்களும், பழிக்கு நாணியவர்களும் அக்கூட்டத்தில் இருந்திருக்கலாம். எவ்வாறாயினும் வேண்டுதல் நிறைவேறிய வழி மனிதர் கைகளின் வழியாகவே அமைந்தது.

இரண்டு நாள் கழித்து, ஜனவரி 20. நோன்பால் தளர்ந்திருந்த காந்தியடிகளை நாற்காலியில் தூக்கி வந்து பிரார்த்தனைத் திடலில் அமர்த்தினார்கள். அவர் பேசிக்கொண்டிருக்கையில் தோட்டச் சுவரோரம் ஒரு குண்டு வெடித்தது. வைத்தவர் மதன்லால் பாவா என்ற பஞ்சாப் அகதி. இந்தக் குழப்பத்தில் மற்றவர்கள் சுடுவதும் கையெறி குண்டுகளை வீசுவதும் சதிகாரர்களின் திட்டம். மேடைக்குப் பின்னுள்ள ஊழியர் அறைக்குள் சென்று ஜன்னல் வழியே சுட வேண்டியவர், அங்கே ஆட்கள் இருப்பதைக் கண்டு அஞ்சி உள்ளே போகவில்லை. வேறு எவரும் எதுவும் செய்யவில்லை. காந்தியடிகள் கூட்டத்தை அமைதிப்படுத்தி, பேச்சைத் தொடர்ந்தார்.

கடவுள் காப்பாற்றினார் என்று நாடெங்கும் மக்கள் மனம் உருகினார்கள். அவருடைய மன உறுதியைப் பாராட்டி மவுண்ட்பேட்டன் பிரபுவின் துணைவியார் உள்ளிட்ட பலர் அவரை வாழ்த்தினார்கள். அவற்றை அவர் ஏற்றுக்கொள்ளவில்லை. எங்கோ இராணுவத்தார் பயிற்சி செய்கிறார்கள் என்று தாம் நினைத்ததாகவும், எனவே வீரம் எதுவும் காட்டவில்லை என்றும் கூறினார். எதிரில் நின்று ஒருவன் சுட, அவன்மீது சினம் கொள்ளாமல் இறைவன் பெயரைச் சொல்லிக்கொண்டே விழுந்தால்தான் வாழ்த்துக்கு உரியவர் என்பது அவர் தந்த விளக்கம்.

இது அவருடைய இயல்பான எளிமை என்று கடந்து போய்விடலாகாது. தப்பிப் பிழைத்ததை இறைவன் அருள் என்று சொல்லத் தயங்கியவர் அல்லர் அவர். 1946-இல் கர்ஜத் அருகே இருப்புப் பாதையில் பாறைகள் வைக்கப்பட்டிருந்தும் அவர் பயணம் செய்த ரயில் பெரும் விபத்திலிருந்து தப்பியபோது, ஏழு முறை மரணத்தின் வாயிலிருந்து இறையருளால் மீண்டதாக அவரே கூறினார். 125 ஆண்டு வாழும் விருப்பத்தையும் அப்போது வெளியிட்டார். பிரிவினையின் கொலைகளைக் கண்டபின் அந்த விருப்பம் அவரை விட்டு அகன்றது. 1948-இல் வெடித்த குண்டை அவர் தமக்குச் சாதகமான சாட்சியாக எடுத்துக்கொள்ளவில்லை. குண்டு வைத்த இளைஞனை வெறுக்க வேண்டாம், துன்புறுத்த வேண்டாம் என்றே மறுநாள் பிரார்த்தனைக் கூட்டத்தில் கேட்டுக்கொண்டார்.

பத்தாம் நாள் மாலை, வல்லபபாய் படேலுடன் நடந்த உரையாடலால் சற்றுத் தாமதமாக, ஐந்து மணிக்கு மேல், பேத்தியர் மனு, ஆபா ஆகியோரின் தோள்களைப் பற்றியபடி அவர் அதே திடலை நோக்கி நடந்தார். நாதுராம் கோட்சே மூன்று முறை சுட்டார்.

20-ஆம் தேதி தப்பியது இறைவனின் தலையீடு என்றால் 30-ஆம் தேதிக்கு என்ன பெயர்? அவதார நோக்கம் நிறைவேறிவிட்டது, ஆகவே அழைத்துக்கொண்டான் என்று சிலர் கூறுவதுண்டு. ஆறுதல் தரும் சொல்தான். ஆயினும் பிழைத்தாலும் பொருந்துகிற, இறந்தாலும் பொருந்துகிற விளக்கம் உண்மையில் எதையும் விளக்குவதில்லை. தற்செயல் என்ற சொல்லும் அதே குறையுடையது. 20-ஆம் தேதி ஒருவர் அஞ்சிப் பின்வாங்கியதற்குக் காரணம் இருந்தது. 30-ஆம் தேதி ஒருவர் அஞ்சாமல் முன்வந்ததற்கும் காரணம் இருந்தது. தற்செயல் என்பது அக்காரணங்களை மேலும் விசாரிக்க விரும்பாதவர் வைக்கும் முற்றுப்புள்ளி, அவ்வளவே.

விசாரித்தவர்கள் கண்டது வேறு. மதன்லால் அன்றே பிடிபட்டார். சதியைப் பற்றி அவர் முன்பே தம்மிடம் பேசியதை பம்பாய்ப் பேராசிரியர் ஒருவர் மாகாண அரசுக்குத் தெரிவித்தார். எச்சரிக்கைகள் இருந்தும் காவல்துறை அவற்றை உரிய விரைவோடு பயன்படுத்தவில்லை என்பது, பின்னாளில் நீதிபதி கபூர் ஆணையம் 1969-இல் அளித்த அறிக்கையில் விரிவாக வெளிவந்தது. முதல் தாக்குதல் தோற்றதை அருள் என்றே கொண்டாலும், அந்த அருள் மனிதருக்குப் பத்து நாள் அவகாசம் கொடுத்தது. அவ்வவகாசம் வீணாயிற்று. பிரார்த்தனைக்கு வருவோரைச் சோதனையிட காந்தியடிகள் இணங்கவில்லை என்பது உண்மை. இறைவன் காப்பில் தம்மை ஒப்படைத்துவிட்டு ஆயுதக் காவலை நாடுவது அவருக்கு உடன்பாடில்லை. ஆனால் அவருடைய நம்பிக்கை அவரைக் கட்டுப்படுத்தியதே அன்றி, தொலைதூரத்துக் காவல் நிலையங்களின் கடமையை ரத்து செய்யவில்லை.

இந்நிலைக்கு அவர் ஒரே நாளில் வந்தவர் அல்லர். 1934 ஜனவரி 15 அன்று பீகாரைப் பெரும் பூகம்பம் தாக்கி ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். ஹரிஜன யாத்திரையாகத் தமிழகத்தில் சுற்றுப்பயணம் செய்துகொண்டிருந்த காந்தியடிகள், ஜனவரி 24 அன்று திருநெல்வேலிப் பொதுக்கூட்டத்தில், தீண்டாமைப் பாவத்துக்கு இறைவன் அனுப்பிய தண்டனை அது என்று பேசினார். ரவீந்திரநாத தாகூர் அதிர்ந்து போனார். இயற்கை நிகழ்வுக்கு இயற்கையே காரணம் என்றும், இப்படி வாதிட்டால் எதிர்த் தரப்பாரும் இதே பூகம்பத்தை காந்தியடிகளின் இயக்கத்துக்குக் கிடைத்த தண்டனை என்பார்களே என்றும் எழுதினார். அக்கண்டனத்தைத் தம் 'ஹரிஜன்' இதழிலேயே வெளியிட்டுப் பதிலும் எழுதினார் காந்தியடிகள். இத்தொடர்பைத் தம்மால் நிரூபிக்க இயலாது, ஆயினும் இந்த நம்பிக்கை தம்மைப் பணிவுள்ளவராக்குகிறது என்பது அவர் பதிலின் சாரம்.

வாதத்தில் வென்றவர் தாகூர்தான். தீண்டாமையைக் கடைப்பிடித்தவரையும் அதனால் துன்புற்றவரையும் ஒரே இடிபாட்டில் புதைத்த நிகழ்ச்சி நீதியின் தண்டனையாக இருத்தல் இயலாது. ஆயினும் காந்தியடிகளின் தவற்றில் ஒரு நேர்மை இருந்தது. பூகம்பத்தைத் தம் எதிரிகளுக்கு எதிரான தீர்ப்பாக அவர் படிக்கவில்லை. தம்முடைய சமயத்தவரின், தம்முடைய பாவமாகப் படித்தார். பதினான்கு ஆண்டு கழித்து, தம்மைக் கொல்லாத குண்டைத் தமக்கு ஆதரவான தீர்ப்பாகப் படிக்க மறுத்தார். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் அளவுகோல் ஒன்றே. ஒரு நிகழ்ச்சியில் இறைவன் கையைக் காண்பதால் காண்பவன் தலை குனிகிறதா, நிமிர்கிறதா?

மலை மந்திரில் தாய் கூறிய "முருகன் கொடுத்தான்" என்ற சொல்லை இந்த அளவுகோலால் பார்க்கலாம். தனக்கு உரிமையில்லாத ஒன்று கையில் வந்தது என்ற நன்றியில் பிறந்த சொல் என்றால் அதில் பிழை காண எவருக்கும் இடமில்லை. நன்றி செலுத்துபவள் எதையும் நிரூபிக்க முயல்வதில்லை. அதே தேர்வில் தவறிய பக்கத்து வீட்டுப் பிள்ளையின் தாய்க்கு முன் அதே சொல் பெருமையாக ஒலித்தால், அது அந்தப் பிள்ளைக்கு முருகன் கொடுக்கவில்லை என்றும் சொல்லிவிடுகிறது. கீதை, துன்புற்று அழைப்பவனையும் பொருளை விரும்பி அழைப்பவனையும் பக்தர் வரிசையிலிருந்து விலக்கவில்லை. ஞானியோடு சேர்த்து நால்வரையும் உயர்ந்தோர் என்றே கூறுகிறது. ஆகவே கேட்பதில் குற்றமில்லை. கிடைத்ததைச் சான்றிதழாக மாட்டி வைப்பதில்தான் சிக்கல்.

காந்தியடிகள் தமக்கென்று இறுதி நாட்களில் கேட்டது ஒன்று இருந்தது. இறக்கும்போது ராம நாமம் நாவில் இருக்க வேண்டும் என்பதை அவர் பலமுறை கூறியிருக்கிறார். ஜனவரி 29 இரவிலும் அதைச் சொன்னதாக மனு பதிவு செய்துள்ளார். விழும்போது "ஹே ராம்" என்று அவர் கூறியதைக் கேட்டதாகவும் மனு எழுதினார். ராஜ்காட் சமாதியில் அச்சொல்லே பொறிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் அன்று சில அடி பின்னால் நடந்து வந்த அவருடைய தனிச்செயலர், தமிழரான வி. கல்யாணம், 2021-இல் தம் 98-ஆம் வயதில் சென்னையில் காலமாகும் முன்பு பலமுறை விளக்கமாகச் சொல்லியிருக்கிறார்: அவர் கூறவில்லை என்று தாம் சொல்லவில்லை, கூட்டத்தின் இரைச்சலில் தமக்குக் கேட்கவில்லை என்று மட்டுமே சொல்ல முடியும்.