இருபது மைல் வேகமும் கன்றின் உயிரும்

திருவாரூரில் இளவரசனின் தேர்க்காலில் கன்று அகப்பட்டு இறந்ததும், தாய்ப்பசு ஆராய்ச்சி மணியை அடித்ததும் நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிவரும் கதை. அநுராதபுரத்தில் ஆண்ட எல்லாளனைப் பற்றியும் இத்தகைய கதையொன்றை மகாவம்சம் கூறுகின்றது. இளவரசனுக்குக் கொல்லும் எண்ணம் இருக்கவில்லை. ஆயினும் மன்னன் அவனை விடவில்லை. அந்தப் பசுவுக்கு அடிப்பதற்கு ஒரு மணியாவது இருந்தது.

நாம் வாழும் பிரித்தானியாவில் 1903 முதல் இருந்த மணிக்கு 20 மைல் வேக வரம்பு 1930இல் நீக்கப்பட்டது. 1934இல் வீதிகளில் இறந்தோர் 7,343 பேர். 1935 மார்ச்சில் நகர்ப்புறங்களுக்கு 30 மைல் வரம்பு வந்தது. அவ்வாண்டு இறந்தோர் 6,502 பேர். சாரதிப் பரீட்சையும் அதே ஆண்டில் கட்டாயமானதால், முழுப் புண்ணியமும் வேக வரம்புக்கே என்று சொல்லிவிட முடியாது.

இலண்டனின் 20 மைல் வலயங்களைப் பற்றி, 1986 முதல் 2006 வரையான கணக்குகளைக் கொண்டு செய்த ஆய்வொன்று 2009இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வெளிவந்தது. இறந்தோரும் காயமுற்றோருமாக நூற்றுக்கு 42 அளவில் குறைந்திருந்தனர். இவ்வலயங்களில் வேகத்தடை மேடுகளும் உண்டு. அறிவிப்புப் பலகை தனியே இவ்வளவு செய்யாது. 30 மைலில் ஓடும் கார் நிற்க 23 மீற்றர் வேண்டும், 20 மைலில் 12 மீற்றர் போதும் என்கிறது ஹைவே கோட். பந்தின் பின்னே ஓடிவரும் பிள்ளைக்கு அந்த 11 மீற்றர்தான் எல்லாம்.

2013இல் இஸ்லிங்டன் சபை தன் வீதிகளுக்கு 20 மைல் வரம்பை விதித்தது. 2020 மார்ச்சில் மத்திய இலண்டனின் பிரதான வீதிகளுக்கும் அது வந்தது. முணுமுணுப்புக்குக் குறைவில்லை. வெள்ளிக்கிழமை பூசைக்குப் பிந்தி ஓடும் நம்மவரும் அதில் அடக்கம். 2023இல் வேல்ஸ் இதனைக் கொண்டுவந்தபோது எதிர்த்துக் கையொப்பமிட்டோர் நான்கு இலட்சத்துக்கும் மேல். அவர்கள் இழந்த நிமிடங்கள் அவர்களுக்குத் தெரியும். இந்த வரம்பினால் உயிர் தப்பியவரோ கையொப்பமிட வரமாட்டார். தாம் தப்பியதே அவருக்குத் தெரியாது. மறுநாளும் வழக்கம்போலப் பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்காக எந்தத் தாய் மணி அடிப்பாள்?

“அப்படியானால் ஐந்து மைல் என்று வைக்கலாமே” என்று கேட்பவர் உண்டு. நியாயமான கேள்விதான். வசதிக்காகச் சில உயிர்களை நாம் விலையாகக் கொடுத்தே வருகிறோம். மோட்டார்வேயில் 1965 முதல் 70 மைல் வரை அனுமதி உண்டு. ஆனால் அங்கே நடப்பவர் இல்லை. அந்த ஆபத்தை ஏற்பவர் பெரும்பாலும் வாகனத்தில் ஏறியவர். நம் வீட்டு வாசலில் அவசரம் நம்முடையது, ஆபத்து நடந்து போகிறவருடையது. அவரை யாரும் கேட்கவில்லை.